குறிப்புக் கட்டத்தில் இரண்டு சொற்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்; பிறகு சொன்னால் ஒளித்துவைத்தான் என்பார்கள். ஒரு படிவத்தில் 'குறிப்பு' என்று போட்டிருந்த கட்டத்தில் இரண்டு சொற்களை எழுதி, ஒரு பசுவையும் ஒரு சினைக் கிடேரியையும் கொன்றவன் நான். அந்தக் கட்டத்தை நிரப்பும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. எங்கள் ஆய்வகத்தில் அதை யாரும் நிரப்பியதும் இல்லை. ஆனால் எனக்கு எழுத்தில் ஆசை. நூலகத்தில் இருந்ததையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு ரயில் கால அட்டவணையைக் கையில் எடுத்திருந்த பருவம் அது. பத்திரிகைகளுக்கு நான் அனுப்பிய கதைகள் ஒழுங்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தன. யாராலும் திருப்பி அனுப்ப முடியாத ஓர் இடத்தில் எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றியிருக்க வேண்டும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு தொலைபேசி அழைப்பு. நான் ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. என் நாற்காலியில் இப்போது இருப்பவர் கலைச்செல்வி. போன மாதம் கூப்பிட்டார்.

"சார், புது மெஷின் வந்துட்டு. பொடியக் கிண்ணத்துல போட்டு மூடுனா ஒரு நிமிசந்தான். ஈரம், புரதம், கொழுப்பு, நாரு எல்லாம் திரையில வந்துருது. நீங்க இதுக்கு ரெண்டு நாள் எடுப்பிய."

"ரெண்டு நாள் எனக்கும் பொழுது போணும்லாம்மா. சரி, அதுல குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கா?"

"இருக்கு சார். அதுவே எழுதிக்கிடுது."

"என்ன எழுதுது?"

"'தரமான தீவனம்'னு எழுதுது சார். புரத எண்ணு பன்னெண்டுக்கு மேல போனா தானா வந்துரும்."

அதை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். கம்பெனிக்காரர்கள் வந்துதான் நிறுத்த வேண்டும் என்றார். மறுநாள், "அந்தச் சோளக் கதைய எழுதிக் குடுங்க சார், புதுசா வாரவங்களுக்குக் காட்டணும்" என்று அவரே கேட்டார். எழுதுகிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. வேதியியலில் ஒரு பட்டம், மூன்று வருடக் காத்திருப்பு, பிறகு கோவில்பட்டியில் ஒரு சிறிய தீவன ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. யார் நடத்திய ஆய்வகம் என்பது வேண்டாம். தப்பு என்னுடையது, கட்டடத்துக்கு அதில் பங்கில்லை. முதல் ஆறு மாதம் குடுவை கழுவினேன். அடுத்த ஆறு மாதம் சரியாகக் கழுவினேன்.

ஆய்வக அலுவலர் சிவகாமி மேடம். பாளையங்கோட்டையிலிருந்து தினமும் ரயிலில் வருவார். ஒல்லியான, சத்தமில்லாத மனுஷி. 'தப்பு' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. முடிவுத்தாளை வாங்குவார், பார்ப்பார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார், திரும்ப மாட்டிக்கொண்டு, "இன்னொரு தடவ பாப்போமா?" என்பார். பார்க்கப்போவது நான் மட்டும்தான். ஆனாலும் அந்தக் கேள்வியில் இரண்டு பேர் இருப்பதுபோல ஒரு தோற்றம் இருக்கும். அந்தத் தோற்றத்துக்காகவே சில நாள் தப்பாகச் செய்யலாமா என்று யோசித்திருக்கிறேன்.

எந்த அறிக்கையிலும் முதல் நாள் பென்சிலால்தான் கையெழுத்துப் போடுவார். மறுநாள் காலை ரயிலிலிருந்து இறங்கி வந்ததும் இன்னொரு முறை வாசித்துவிட்டுப் பென்சிலின்மேல் பேனாவை ஓட்டுவார். ஒரு முறை என் வேலைக் குறிப்பேட்டில் 'கரைசல் அழகிய இளம்பச்சை நிறமானது' என்று எழுதியிருந்தேன். 'அழகிய'வை மட்டும் மெல்லிய கோட்டால் அடித்துவிட்டுச் சொன்னார்: "அடைமொழி வேண்டாம் சார். பச்சைன்னா பச்சை."

வேலை இதுதான். தீவனத்தைக் காயவைத்து அரைத்து, ஒரு கிராம் நிறுத்து, நீண்ட கழுத்துக் குடுவையில் போட்டு, அடர் கந்தக அமிலம் ஊற்றி, கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்து, புகைக்கூண்டுக்குள் கொதிக்க விட வேண்டும். முதலில் எல்லாம் கரியாகும். வைக்கோலோ புண்ணாக்கோ, கால் மணி நேரத்தில் ஒரே கறுப்பு நுரைதான். சாதி வித்தியாசம் கிடையாது. பிறகு கறுப்பு பழுப்பாகும், பழுப்பு வெளிறும், மூன்று மணி நேரம் போனால் குடுவையின் அடியில் தெளிந்த இளம்பச்சை நிற்கும். அதற்குள் கரி புகையாகவும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் ஆவியாகவும் போயிருக்கும். உயிர் என்று நாம் கொண்டாடுவதில் முக்காலே மூணு வீசம் கூண்டுக் குழாய் வழியாகக் கோவில்பட்டி வானத்துக்குப் போய்விடும். அமிலத்தோடு ஒட்டிக்கொண்டு தங்குவது நைட்ரஜன் மட்டும். காரத்தைச் சேர்த்து வடித்தால் அது அம்மோனியாவாக வெளியே வரும். அதைப் போரிக் அமிலத்தில் பிடித்து, வேறோர் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பச்சை இளஞ்சிவப்பாக மாறுகிற அந்த ஒரு சொட்டில் கையை நிறுத்த வேண்டும். கிடைத்த நைட்ரஜனை ஆறே காலால் பெருக்கினால் புரதம்.

அந்த ஆறே காலில்தான் எங்கள் தொழிலின் பக்தி முழுவதும் இருக்கிறது. புரதத்தில் நூற்றுக்குப் பதினாறு பங்கு நைட்ரஜன் என்பது பொதுவான கணக்கு. ஆகவே நைட்ரஜனை எண்ணிப் புரதத்தை ஊகிக்கிறோம். கல்யாண மண்டபத்துக்கு வெளியே கிடக்கும் செருப்பை எண்ணி உள்ளே எத்தனை பேர் என்று சொல்வது மாதிரி. பெரும்பாலும் சரியாகவே வரும். உள்ளே போனவன் யார், எதற்கு வந்தான் என்பது மட்டும் செருப்பில் தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு குடுவை வெறுங்குடுவையாக ஏறும். அதே அமிலம், அதே துத்தம், அதே சூடு, அதே மூன்று மணி நேரம். தீவனம் மட்டும் இருக்காது. அதில் வருகிற எண்ணை மற்றவற்றிலிருந்து கழிக்க வேண்டும். அமிலத்திலோ துத்தத்திலோ ஏதாவது அழுக்கு இருந்தால் பிடித்துக் கொடுப்பது அதுதான். மேடம் ஒரு நாளும் அதை விடமாட்டார். நாற்பது வயதில், பார்த்த பெண்களெல்லாம் தட்டிப்போய்க்கொண்டிருந்த ஒருவனுக்கு, எல்லாச் சூட்டையும் வாங்கிக்கொண்டு ஒன்றுமில்லை என்று பதில் சொல்லும் அந்தக் குடுவையின்மேல் ஒரு தாயாதி உறவு உண்டானதில் ஆச்சரியமில்லை.

ஆய்வகம் இரண்டு அறை. மேடத்துக்கு ஒன்று, எனக்கும் குடுவைகளுக்கும் ஒன்று. மத்தியானம் அவர் அங்கே தனியாகச் சாப்பிடுவார், நான் இங்கே தனியாகச் சாப்பிடுவேன். நடுவில் ஒரு செங்கல் சுவர். அவருடைய டிபன் பாக்ஸ் மூடி திறக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் என்னுடையதைத் திறப்பேன். அது மரியாதையா வேறெதுவுமா என்று நான் பரிசோதித்துப் பார்க்கவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது சோளத்துக்கு வருகிறேன். இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு சித்திரை. பசுவந்தனைக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து சண்முகையா என்ற விவசாயி வந்தார். ஐம்பது வயதிருக்கும். நனைத்த துண்டில் சுற்றிப் பச்சைச் சோள இலை ஒரு கட்டு கொண்டுவந்திருந்தார். மாசியிலேயே கதிர் அறுத்து, தட்டையையும் வெட்டி, கட்டையைக் கரிசலில் விட்டிருக்கிறார். நடுவில் ஒரு கோடை மழை. காய்ந்து கிடந்த கட்டையெல்லாம் குப்பென்று தழைத்துவிட்டது.

"சார், கட்டச் சோளம் தழஞ்சிருக்கு. பூக்காத சோளம் மாட்டுக்கு ஆகாதும்பாவ. ஆனா படப்புல ஒரு தட்ட கெடையாது. இதப் போடலாமா, கூடாதான்னு பாத்துச் சொல்லுங்க."

இதைவிடத் தெளிவாக ஒரு கேள்வியைக் கேட்க முடியாது. எங்கள் வட்டாரத்தில் மாடு வைத்திருக்கும் யாரும் எனக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் டவுன்காரன். என் அப்பா தீப்பெட்டி ஆபீஸில் குமாஸ்தா. மாட்டை நான் பார்த்ததெல்லாம் பாலின் வடிவத்தில்தான். படிவத்தில் எண்ணுக்கு மூன்று கட்டங்கள் இருந்தன: ஈரம், சாம்பல், புரதம். அந்த மூன்று கேள்விக்கும் நான் மிகச் சரியாகப் பதில் கண்டுபிடித்தேன். இலையை அடுப்பில் காயவைத்து, அரைத்து, வெறுங்குடுவையோடு சேர்த்து ஏற்றி, வடித்து, சொட்டு நிறுத்தி, பெருக்கினேன். புரதம் பதினைந்துக்கு மேல் வந்தது. காய்ந்த சோளத்தட்டையில் நாலு ஐந்து வந்தாலே பெரிது. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

அந்த வாரம் மேடத்தின் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்ததால் அவர் விடுப்பு. "அவசரமா கேட்டா நீங்களே குடுத்துருங்க சார். எண்ண மட்டும் குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கண்காணிக்க ஆளில்லாத வீட்டில் பூனை உறியைப் பார்ப்பதுபோல நான் குறிப்புக் கட்டத்தைப் பார்த்தேன். 'சிறந்த தீவனம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். ஊதா மையில் முத்திரையை நன்றாகத் தோய்த்து, அழுத்திக் குத்தினேன். திங்கட்கிழமை சண்முகையா அதை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

புதன்கிழமை திரும்பி வந்தார். இந்த முறை ஒரு சாக்கு. மேடமும் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"ரெண்டு மாடும் போயிட்டு சார்."

உட்காரச் சொன்னோம். உட்காரவில்லை.

"நேத்து காலையில அறுத்துப் போட்டேன். அர மணி நேரங்கூட இல்ல. பசு ரெண்டு சுத்து சுத்துச்சு, மூச்சு வாங்குச்சு, விழுந்துட்டு. கிடேரி நின்ன எடத்துலயே சரிஞ்சிட்டு. அது வகுத்துல ஒண்ணு."

நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே தொடர்ந்தார்.

"தட்டையில குத்தம் கெடையாது. அத நீங்களே பாத்து எழுதித் தந்துட்டிய. அப்போ எவனோ மருந்து வச்சிருக்கான். எவனோ என்ன, எந் தம்பிதான். பருத்திக்கு அடிக்கிற மருந்து டப்பா அவன் பக்கத்து வரப்புல கெடக்கு. வெள்ளிக்கெழம ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கப் போறேன். ஒங்க தாளும் சேத்துக் குடுக்கணும்னு பத்திரமா வச்சிருக்கேன். சாக்குல மிச்சம் இருக்கு, எந்த மருந்துன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க."

தம்பி பெயர் பால்பாண்டி. நாலு வருடம் முன்னால் பாகம் பிரித்தபோது வரப்பில் தொடங்கிய தகராறு. வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்பி, பேச்சையும் நிறுத்தியிருந்தார்கள். இப்போது அந்த ஆளைச் சிறைக்கு அனுப்பப்போகும் முதல் சாட்சி என் தாள். சோளம் சிறந்த தீவனம் என்றால் மாட்டைக் கொன்றது மனிதன்தானே.

மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ரத்தம் எப்படி இருந்துச்சு?"

"மாட்டு டாக்டர் கீறிப் பாத்தாவ. கெம்பு மாதிரிச் செவப்பு. செத்த மாட்டுல இப்பிடி ரத்தம் நான் பாத்ததில்லன்னு அவியளே சொன்னாவ."

மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

அதன் பொருளை அவர் எனக்குப் பிறகு சொன்னார். இளஞ்சோள இலையில் கரியும் நைட்ரஜனும் சேர்ந்த ஒரு விஷம் உண்டு: சயனைடு. வாடி நின்று மழை கண்டு தழைத்த இலையில் அது இன்னும் கூடும். மாட்டின் உடம்புக்குள் போனால் அது மூச்சை நிறுத்துவதில்லை. மாடு மூச்சு விடும். ரத்தம் ஆக்சிஜனைச் சுமந்துகொண்டு உடம்பெல்லாம் சுற்றும். உயிரணுக்களால் மட்டும் அதை வாங்கிக்கொள்ள முடியாது. கொடுக்காத ஆக்சிஜன் ரத்தத்திலேயே நிற்பதால்தான் அந்தச் சிவப்பு. வேண்டியதெல்லாம் வாசல்வரை வருகிறது, வாங்கக் கையில்லை. இப்படியும் ஒரு சாவு இருக்கிறது என்று கேட்டபோது, இது மாட்டுக்கு மட்டும் வருவதில்லையே என்று எனக்குத் தோன்றியது.

இதைக் கண்டுபிடிக்கிற சோதனை மிக எளியது. பிக்ரேட் கரைசலில் தோய்த்த மஞ்சள் தாள்துண்டு ஒன்று. இலையைக் கசக்கிக் குழாயில் போட்டு, இரண்டு சொட்டு குளோரோஃபார்ம் விட்டு, தாளை இலையில் படாமல் தொங்கவிட்டுத் தக்கையால் மூட வேண்டும். விஷ வாயு கிளம்பினால் மஞ்சள் செங்கல் நிறமாகும். சாக்கிலிருந்த இலையை எடுத்துச் செய்தேன். ஒரு மணி நேரம் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

இந்தக் கட்டுரையில் ஒப்புக்கொள்ள வேண்டியது மாட்டை அல்ல, இதைத்தான். அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி வந்தது. சோளத்தில் விஷமில்லை, என் தாள் சரி. பார்த்தேயிராத ஒரு பால்பாண்டி ஜெயிலுக்குப் போவார் என்பது அந்த நிம்மதிக்கு நடுவில் எங்கும் எனக்குத் தட்டுப்படவில்லை.

குழாயைக் கொண்டுபோய்க் காட்டினேன். மேடம் பார்த்தார்.

"இந்த இலை எப்போ வெட்டுனது?"

"நேத்து காலையில மேடம்."

"ஒன்றரை நாள் வெயில்ல கெடந்து, பஸ்ஸுக்கு மேல சாக்குல வந்திருக்கு. இதுல எப்படி நிக்கும்? பறந்துருக்கும்." அறிக்கைப் புத்தகத்தை எடுத்துத் திங்கட்கிழமைக் கார்பன் நகலைப் புரட்டினார். அங்கே மூன்று எண்களும் என் இரண்டு சொற்களும் நீலமாகப் பதிந்திருந்தன. இரண்டு சொற்களை வாசிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அதைவிட ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தை மூடினார்.

"எண்ணு சரியாத்தான் இருக்கு" என்றார்.

முப்பத்துநாலு வருட வேலையில் நான் வாங்கிய மிகக் கடுமையான திட்டு அதுதான்.

"இன்னொரு தடவ பாப்போமா? நாளைக்கு நீங்களே போயிட்டு வாங்க. வேரோட நிக்கிற இலைய அங்கயே பிடுங்கி, அங்கயே கசக்கிப் பாருங்க. வெறுங்குழாய்க்குக் கம்பு இலை எடுத்துக்கோங்க, கம்புல இந்த விஷம் கெடையாது. உடம்புச் சூடு வேணும். குழாயக் கக்கத்துல வச்சுக்கோங்க."

வியாழக்கிழமை பசுவந்தனைக்குப் பஸ்ஸில் போய் இறங்கி, வெடித்துக் கிடந்த கரிசலில் நடந்தேன். சண்முகையா வரப்பில் நின்றார். எல்லாம் காய்ந்த அந்தக் காட்டில் அவருடைய கட்டைச் சோளம் மட்டும் பச்சைப்பசேலென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது. ஏமாந்தது நான் மட்டுமல்ல என்று ஒரு கணம் ஆறுதல். இலையைப் பிடுங்கிக் கசக்கி ஒரு குழாய், ஓடைப்பக்கத் தோட்டத்துக் கம்பு இலையைக் கசக்கி இன்னொரு குழாய். கக்கத்துக்கு ஒன்றாக வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு, அங்கே இருந்த ஒரே உடைமரத்தடியில் போய் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அடுத்த புஞ்சையிலிருந்து ஒருவர் வந்து நாலடி தள்ளிக் குத்தவைத்தார். மூக்கு அப்படியே சண்முகையா.

"சாருக்குக் காய்ச்சலா?"

"இல்ல."

"பின்ன என்ன, இந்த வெயில்ல கையக் கட்டிக்கிட்டு ஒடுங்கிப்போயி இருக்கிய."

"கக்கத்துல குழாய் இருக்கு. சூடு வேணும்."

"சூடு வேணும்னா வெளிய வைங்க சார். இங்கன தரையில முட்டைய வச்சா வெந்துரும்."

மேடம் சொன்னதை மீறி யோசிக்கிற தைரியம் அந்த வாரம் என்னிடம் இல்லை. குழாய்களை இன்னும் இறுக்கிக்கொண்டேன். இருபதடி தள்ளி வரப்பில் சண்முகையா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். பால்பாண்டி ஒரு கட்டியை எடுத்து விரலால் பொடித்துக்கொண்டே பேசினார்.

"அந்தப் பசு நாங்க ஒண்ணா இருக்கையில பொறந்தது சார். பொறந்தப்ப தாய் மாடு நக்கல. நாந்தான் சாக்க வச்சுத் தொடச்சு, போத்தல்ல பால் குடுத்தேன். பாகம் பிரிக்கையில அவுக பங்குக்குப் போயிட்டு. பிரிச்ச பெறகும் என் சத்தம் கேட்டா சுவத்துக்கு அந்தப் பக்கம் கத்தும். அதுக்குப் போயி நான் மருந்து வைப்பனா?"

"இத உங்க அண்ணாச்சிகிட்ட சொன்னியளா?"

"சொல்லணும்னா பேசணும்லா. பேச்சு இல்லையே."

வரப்பிலிருந்து சண்முகையா திரும்பாமலே கேட்டார்: "சார், மணி என்ன ஆவுது?" அவருக்கு மணி தேவைப்படவில்லை. தம்பி சொன்னது காதில் விழுந்துவிட்டது என்பதை என்னிடம் மட்டும் தெரிவித்தார்.

இருபது நிமிடம் ஆனதும் எடுத்துப் பார்த்தேன். வலது கக்கத்துத் தாள் மஞ்சள். இடது கக்கத்துத் தாளின் ஓரம் ஆரஞ்சு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடுவுக்கு ஏறி, மெதுவாகச் செங்கல் நிறமாகிவிட்டது. செங்கல் நிறம் என்றால் செங்கல் நிறம்தான், அடைமொழி தேவைப்படவில்லை.

"அண்ணாச்சி, இங்க வாங்க. இது கம்பு. இது உங்க சோளம்."

சண்முகையா வந்து குனிந்து பார்த்தார். பால்பாண்டி எழுந்து நின்றுகொண்டார், அண்ணன் உட்காராத இடத்தில் தான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்பதுபோல.

"செவந்துருக்கு" என்றார் சண்முகையா.

"விஷம் இலைக்குள்ளயே இருக்கு. யாரும் வைக்கல."

"அப்போ அந்தத் தாளு?"

"புரதம் சரி. அத நல்ல தீவனம்னு சொன்னது தப்பு. எந் தப்பு."

இரண்டு குழாயையும் மாறி மாறிப் பார்த்தார். என்னை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் கணக்குத் தீர்ந்திருக்கும். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார், கையில் ஒன்றும் இல்லாமலே.

"அப்போ ஸ்டேசன்ல எழுதிக் குடுக்க வேண்டாங்கிய."

"வேண்டாம்."

வரப்போடு நடந்து போய்விட்டார். தம்பியை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கொலைகாரன் இல்லை என்று நிரூபணம் ஆவது வேறு, தம்பியாக ஆவது வேறு. இரண்டாவதற்கு எங்களிடம் தாள்துண்டு இல்லை. பால்பாண்டி கொஞ்ச நேரம் அந்தத் திசையைப் பார்த்துவிட்டு, "டீ குடிக்கிதியளா சார்?" என்றார்.

இலைக்குள் அந்த விஷம் எப்படி இருக்கிறது என்பதை மேடத்தின் புத்தகத்தை வாங்கிப் பிறகு வாசித்தேன். ஒரு சர்க்கரையோடு கட்டுண்டு, யாருக்கும் தீங்கில்லாமல் ஓர் அறையில் இருக்கிறது. கட்டை அவிழ்க்கிற நொதி அதே இலையில் வேறோர் அறையில் இருக்கிறது. மாடு மெல்லும்போது சுவர் உடைந்து இரண்டும் சந்திக்கின்றன, சந்தித்தால்தான் விஷம். பிரிந்து கிடக்கும்வரை எல்லாம் பச்சைப்பசேல். பாலில் உள்ள புரதமும் இதே கரி, இதே ஹைட்ரஜன், இதே நைட்ரஜன்தான். எது எதனோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று கேட்காமல் எத்தனை இருக்கிறது என்று மட்டும் எண்ணியவன் நான்.

நான் புஞ்சையிலிருந்து திரும்பிய அன்றைக்கே மேடம் புது அறிக்கை எழுதினார், பென்சில் இல்லாமல் நேராகப் பேனாவில். முந்தைய அறிக்கை ரத்து என்றும், பொறுப்பு ஆய்வக அலுவலருடையது என்றும் இருந்தது. 'நான் எழுதியது மேடம்' என்றேன். "முத்திரை என் மேசையில இருந்தது" என்றார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதங்களுக்கு அவரே பதில் எழுதினார். அடுத்த மாறுதலில் அவரை வடக்கே தூரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கடைசி நாள் முழுவதும் அடிக்கோலை வைத்துக்கொண்டு, மீதமிருந்த படிவங்கள் ஒவ்வொன்றிலும் நாலாவதாக ஒரு கட்டம் போட்டு, 'சயனைடு' என்று எழுதிக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

மறுநாள் மத்தியானம் டிபன் பாக்ஸைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மூடி திறக்கும் சத்தம் வர வேண்டுமே. அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். வேண்டாத அடைமொழிகளை அடித்துக்கொண்டே வந்தபோது கடைசியில் முகவரிதான் மிஞ்சியது. அதை மட்டும் அனுப்புவது அழகாக இராது என்று விட்டுவிட்டேன்.

அதன்பின் நான் படிவத்தில் ஓர் எழுத்துகூட அதிகம் எழுதவில்லை. பத்திரிகைகளுக்கு எழுதினேன், அவர்கள் போடத் தொடங்கினார்கள், சிரிப்பு எழுத்தாளர் என்று நாலு பேர் சொன்னார்கள். ஓய்வு பெற்ற பிறகு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை. பொழுது போகாத ஒரு நாள், எடை மிஷினில் ஏறி இறங்கி, என்னையே ஒரு மாதிரியாக வைத்துக் கணக்குப் போட்டேன். அறுபது கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். கரி பத்துப் பதினோரு கிலோ. நைட்ரஜன் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பாஸ்பரஸ் அரைக் கிலோ சொச்சம், பெரும்பாலும் எலும்பில். பக்கத்து அறையில் இருப்பவர் தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி. அவரிடம் பெருமையாகச் சொன்னேன். "அரக் கிலோவா? பெட்டி ஓரத்துல தடவ அது ஒரு பொழுதுக்குக் காணாதே சார்" என்றார்.

கலைச்செல்வி கேட்டபின், எழுதுவதற்கு முன்னால் ஒரு தடவை போய்ப் பார்த்துவிடலாம் என்று பசுவந்தனைக்குப் பஸ் ஏறினேன். சண்முகையாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. களத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார்.

"கக்கத்துல குழாய் வச்சிருந்த சாருல்லா?"

ஆமாம் என்றேன். தம்பியைப் பற்றிக் கேட்டேன். "இருக்கான்" என்றார், "சுவத்துக்கு அந்தப் பக்கம்." மாடு இப்போது இல்லையாம். அதற்கப்புறம் வாங்கவில்லையாம்.

இருபது வருடமாக நெஞ்சில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் அந்த இரண்டு வார்த்தையை எழுதாமல் இருந்திருந்தால் நீங்கள் மாட்டுக்குப் போட்டிருக்க மாட்டீர்கள், என் எழுத்தை நம்பித்தானே போட்டீர்கள் என்று கேட்டேன்.

"என்ன ரெண்டு வார்த்த?"

சொன்னேன். அவர் யோசித்துவிட்டு உள்ளே போய், பத்திரங்கள் வைத்திருந்த பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தார். பட்டா, ரேஷன் அட்டை, அதற்கு அடியில் நாலாக மடித்த என் தாள். பிரித்துக் காட்டினார். மூன்று எண்களும் இருந்தன. குறிப்புக் கட்டத்தில் நான் தோய்த்துத் தோய்த்து அழுத்திக் குத்திய ஊதா முத்திரை, வட்டமாக, கட்டத்தை முழுக்க அடைத்துக்கொண்டு விழுந்திருந்தது. அதற்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுதிய எனக்கே தெரியவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை.

"எழுத்தையெல்லாம் யாரு சார் பாத்தா" என்றார் சண்முகையா, வற்றலைக் கிளறிக்கொண்டே. "சீலு நல்லாத் தெளிவா விழுந்துருந்துச்சு. போட்டேன்."